பழைய வண்டி சூடேறினால்: கூலண்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும் முறை

மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம்தான். அந்த நாட்களில் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், இண்டிகா, சுமோ போன்ற வண்டிகள் பானெட்டைத் திறந்துகொண்டு சாலையோரத்தில் நிற்பதைக் காட்பாடி முதல் வாணியம்பாடி வரை எங்கும் பார்க்கலாம். உரிமையாளரைக் கேட்டால் வெயில்தான் காரணம் என்பார். வெயிலுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் எவ்வளவு பங்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே ஓடும் கூலண்டுக்கும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கூலண்ட் 90 டிகிரியிலும் காற்று 33 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 57. காற்று 42 டிகிரியானால் வேறுபாடு 48. ஆக, ரேடியேட்டரின் திறன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. குறையில்லாத வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். கோடையில் கொதிக்கிற வண்டியில் ஏதோ ஒரு பாகம் கோடைக்கு முன்பே பழுதாகியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கூலண்ட் குறைவதைப் பற்றியும் இதே உறுதியோடு சொல்லலாம். எஞ்சின் ஆயில் சிறிதளவு எரிந்து குறைவது இயல்பு; கூலண்ட் அப்படி எரிந்து தீரும் பொருள் இல்லை. அது மூடிய சுற்றில் ஓடுகிறது. சூடேறி விரியும்போது கொஞ்சம் ரிசர்வ் டேங்குக்குப் போகும், ஆறியதும் திரும்பி வரும். வாரந்தோறும் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறதென்றால் அந்த அரை லிட்டர் தரையில் விழுகிறது, அல்லது ஆவியாக மூடி வழியே போகிறது, அல்லது எஞ்சினுக்குள் இறங்கி சைலன்சர் வழியாகவோ ஆயிலோடு கலந்தோ போகிறது. வேறு வழி கிடையாது. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவது, சில நூறு ரூபாயில் முடியக்கூடிய வேலையை எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாற்றிவிடும்.

வழியில் வெப்பநிலை முள் ஏறினால்

சோதனைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தின் மீது பீய்ச்சி அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். எஞ்சினை நிறுத்திக் குறைந்தது முக்கால் மணி நேரம் கழித்து, மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, அது தளர்ந்து, தொட்டால் சுடாத நிலையில் இருந்தால் மட்டுமே மூடியில் கை வைக்க வேண்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் வெப்பநிலையைக் காட்டும் முள் ஏறத் தொடங்கினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழு அளவில் வைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும். அதற்கும் முள் இறங்கவில்லை என்றாலோ, ஆவி தெரிந்தாலோ, கூலண்டின் இனிப்பு வாடை உள்ளே வந்தாலோ, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி இன்னும் கொஞ்ச தூரம்தான், அங்கே போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டிப் போகிற அந்தச் சில கிலோமீட்டரில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. தேசிய நெடுஞ்சாலையில் நிற்க நேர்ந்தால் 1033 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் இதே அளவுக்குத் தவறு. கொதிநிலையில் இருக்கும் உலோகத்தில் தண்ணீர் திடீரென்று படும்போது ஒரு பகுதி மட்டும் சுருங்கி ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விழலாம். ஆறிய பிறகு, எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். முள் உச்சிக்குப் போய்விட்டுத் திடீரென்று கீழே இறங்கினால் வண்டி ஆறிவிட்டது என்று மகிழ வேண்டாம். வெப்பநிலை சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். கூலண்ட் சென்சாரின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் முள் இறங்கிவிடும். எஞ்சினோ தண்ணீரில்லாமல் வெந்துகொண்டிருக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனியுங்கள்

ஒரு ஸ்பானரைக்கூடக் கையில் எடுக்காமல் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வண்டி எந்த நிலையில் சூடேறுகிறது என்பதே அதற்குப் போதும்.

புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, நெடுஞ்சாலைக்கு வந்து வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டால், ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை என்று பொருள். ஃபேன், ஃபேன் சுவிட்ச், ரிலே, ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிற வண்டி ஆம்பூரைத் தாண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சூடேறினால், ஃபேன் மீது பழி போட வேண்டியதில்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதுமானது. ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்திருக்கலாம், கூலண்ட் குறைவாக இருக்கலாம், ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சலில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசிக் குறை ஐடிலில் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது சப்பையாவது தெரியும்.

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகள் நம் பகுதி வண்டிகளுக்கு நல்ல பரீட்சை. அங்கே வேகம் குறைவு, எஞ்சினின் உழைப்போ அதிகம். மலையில் மட்டும் சூடேறுகிற வண்டியில் பெரும்பாலும் ஒரு பாகம் முழுவதாகக் கெட்டிருக்காது; இரண்டு மூன்று பாகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கும். ஓட்டும் முறையும் இங்கே கணக்கில் வரும். மூன்றாவது கியரில் திணறவிட்டு ஏற்றுவதைவிட இரண்டாவது கியரில் ஏற்றினால் எஞ்சின் வேகமாகச் சுழல, பம்பும் வேகமாகச் சுழலும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது, கிளட்ச் நழுவுவது, பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது ஆகியவையும் மலையில் முள்ளை ஏற்றும் என்பதால் அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறினால் அது வேறு கதை. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கிறது, அல்லது கூலண்ட் அநேகமாகக் காலி, அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

கசிவைத் தேடுவது

வண்டியைச் சமமான இடத்தில் இரவு நிறுத்துங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்துவரை நிரப்பி, ரிசர்வ் டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கிலோமீட்டர் அளவை எழுதிவையுங்கள். இனி ஒவ்வொரு காலையும் அந்தக் கோட்டைப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்பது ஊகமாக இல்லாமல் அளவாகத் தெரியும். எஞ்சினுக்கு அடியில் இரவு முழுவதும் ஒரு பெரிய அட்டையை விரித்துவைப்பதும் பயன் தரும். ஏசி ஓடிய பிறகு சொட்டும் தண்ணீர் நிறமோ வாடையோ இல்லாமல் தெளிவாக இருக்கும். கூலண்ட் விரலில் வழவழப்பாக இருக்கும், நிறமும் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் உண்டு.

சூடாக ஓடும்போது மட்டும் கசிகிற இடங்களில் கூலண்ட் தரையில் விழாமலே காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு பொருக்கு மிஞ்சும். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு அந்தப் பொருக்கைத்தான் தேட வேண்டும். ஹோஸ்களின் இரு முனைகள், கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருக்கும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்துப் பொருத்தியிருக்கும் வட்டமான தகட்டு மூடிகள், ஹீட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ்கள் என்று வரிசையாகப் பாருங்கள். ஹோஸை வெறுமனே பார்த்தால் போதாது, பிசைந்து பார்க்க வேண்டும். நல்ல ஹோஸ் அழுத்தினால் அமுங்கித் திரும்பும். பழுதான ஹோஸ் ஊதிப் போயிருக்கும், அல்லது பிசையும்போது உள்ளே நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். முன் இருக்கைக்காரரின் கால் பக்கத்துத் தரைவிரிப்பு ஈரமாக இருந்து, உள்ளே இனிப்பு வாடை வீசி, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால், ஹீட்டர் கசிகிறது என்று முடிவு செய்யலாம்.

வாட்டர் பம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். பம்பின் உடம்பில், தண்டுக்குக் கீழே, சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள். பம்புக்குள் இருக்கும் சீல் தேயத் தொடங்கும்போது தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியே வருவதற்காகவே அந்தத் துளை. அதிலிருந்து கீழ்நோக்கிப் பச்சைக் கோடு இறங்கியிருந்தாலோ, துளையின் வாயில் பொருக்குக் கட்டியிருந்தாலோ பம்பின் காலம் முடிந்தது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகள் பட்டறைக்கு வருவதுண்டு. அப்படி அடைத்தால் தண்ணீர் பேரிங்கில் இறங்கிப் பம்பே இறுகிவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பின் புல்லியைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ பம்பை மாற்ற வேண்டும்.

இவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே, மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. முள் இறங்கிக்கொண்டே இருந்து, எங்கும் ஈரம் தெரியவில்லை என்றால், தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது என்று அஞ்ச வேண்டும். எஞ்சின் சூட்டில் உடனே காய்ந்துவிடுகிற கசிவும் ஆறிய எஞ்சினில் ஏற்றும் அழுத்தத்தில் சொட்டாக நின்று காட்டும் என்பதால், இதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

மூடியும் ஃபேனும்

ரேடியேட்டர் மூடி இந்த அமைப்பிலேயே மிக மலிவான பாகங்களில் ஒன்று; கவனிப்பாரும் அதற்குக் குறைவு. மேலே 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு பார் என்ற அலகில் பொறித்திருக்கும். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். சரிபாதி கூலண்ட் கலந்திருந்தால் கொதிநிலை 125 டிகிரிக்கும் மேலே போகும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். முள் நடுவில் இருக்கும்போதே ரிசர்வ் டேங்கில் தண்ணீர் பொங்கி வழிந்தால் முதலில் மூடியைச் சந்தேகிக்க வேண்டும். மூடிக்கு நடுவில் உள்ள சிறிய தட்டு வால்வை விரலால் இழுத்துவிட்டால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அது சிக்கிக்கொண்டால் வண்டி ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீர் திரும்பாது. ரிசர்வ் டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருக்கும். பழைய வண்டியில் மூடியின் வயது தெரியாவிட்டால் அதே அளவு பொறித்த புதிய மூடியைப் போட்டுவிடுவதே நல்லது. கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பழைய ஹோஸும் ரேடியேட்டரும் அதைத் தாங்காது.

மின்விசிறி உள்ள வண்டியை நிழலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டும்போது ஃபேன் ஓடத் தொடங்கி, சிறிது நேரத்தில் நின்று, மறுபடி ஓட வேண்டும். ஓடவே இல்லையென்றால், ரேடியேட்டரில் பொருத்தியிருக்கும் ஃபேன் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு கம்பி முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் கெட்டிருக்கிறது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த் இணைப்பு, மோட்டார் என்று தேட வேண்டும். மோட்டார் மாற்றிய வண்டிகளில் சில சமயம் ஒயர் மாறிப்போய் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் வண்டியில் கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது உள்பக்கம் இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் வெளியே பறந்தால் ஃபேன் தலைகீழாக ஓடுகிறது. அம்பாசிடர் போலப் பெல்ட்டால் ஃபேன் சுற்றும் வண்டிகளில் பெல்ட்டின் இறுக்கத்தையும் அதன் பளபளப்பையும் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா

“நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் வேணாம்ண்ணா, கழட்டிப் போட்டுடலாம்” என்று சொல்லாத பட்டறைகளைக் கண்டுபிடிப்பது கடினம். அன்போடு சொல்லப்படுகிற இந்த ஆலோசனையை நான் ஏற்பதில்லை. அதற்கான காரணங்களை விளக்கிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் ஒரு மெழுகு வால்வு. அதற்குக் கீழே ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குகிறது. மேலே போனதும் திறந்து கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் காலையில் எஞ்சின் சூடாக வெகுநேரம் பிடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடுகிற தட்டும் அதிலேயே இருக்கும். அந்த எஞ்சின்களில் வால்வை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்க எடுத்த வால்வே சூட்டைக் கூட்டிவிடும். ஃபேனை நேரடியாக இக்னிஷனோடு இணைத்து எப்போதும் ஓடவிடுவதும் இதே வகையைச் சேர்ந்த வைத்தியம். ஊர் திரும்பும் வரை தற்காலிகமாகச் செய்யலாம். அப்படியே விட்டுவிட்டால் மோட்டார் தேய்வதோடு, உண்மையான குறையும் மறைந்துகொண்டு வளரும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. கழற்றி, சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். வெப்பமானி 80 டிகிரிக்கு மேல் காட்டும்போது அது திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுவதும் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டாலும், பாதியில் நின்றாலும், ஆறியபின் மூடாவிட்டாலும் புதிது வாங்குங்கள். பொருத்தும்போது மெழுகு இருக்கும் குப்பிப் பக்கம் எஞ்சினை நோக்கியும், சிறிய காற்றுத் துளை மேல்பக்கமாகவும் இருக்க வேண்டும்.

ரேடியேட்டரும் நம் ஊர்த் தண்ணீரும்

வட ஆற்காட்டில் ஓடும் பழைய வண்டிகளுக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக ஒரு பகை உண்டு. அது போர் தண்ணீர். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பு இன்னும் ஏறிவிட்டது. அந்தக் கழிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பானதை இந்தப் பகுதியினர் அறிவர். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போலவே, எஞ்சினுக்குள்ளும் வெள்ளை ஓடாகப் படிகின்றன. மிகச் சூடான இடத்தில்தான் படிவு முதலில் உண்டாகும் என்பதால், ஹெட்டில் வெளியேற்று வால்வுகளைச் சுற்றி, குளிர்ச்சி மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்திலேயே, அது ஒரு போர்வையாகி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. குளோரைடு மிகுந்த தண்ணீரோ அலுமினியத்தை அரிக்கிறது. ரேடியேட்டர் பட்டறையில் மேல்தொட்டியைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு பழைய பித்தளை ரேடியேட்டரை உற்றுப் பாருங்கள்: வரிசையாக இருக்கும் தட்டையான குழாய்களின் வாய்களில் சில திறந்திருக்கும், சிலவற்றில் ஊசி போகிற அளவுக்கே வழி இருக்கும், ஓரத்தில் இருப்பவை சுண்ணாம்பு பூசியது போல முழுவதும் மூடியிருக்கும். மேலே தண்ணீர் நிறைய இருந்தும் வண்டி ஏன் கொதித்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அடைப்பைப் பிரிக்காமலே கண்டறியலாம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, ஃபேனின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பநிலை சீராகக் குறைய வேண்டும்; நடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்குள்ள குழாய்களில் ஓட்டம் இல்லை. வெளிப்பக்க அடைப்பையும் மறந்துவிடக் கூடாது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைந்து கம்பளி போல நிற்கும்; முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழி அடைந்துவிடும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் பற்றவைத்துத் தருவார்கள். திறமையான கை செய்தால் இன்னும் பல வருடம் ஓடும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரை இப்படிச் செய்வதில் பலன் குறைவு, மாற்றிவிடுவதே சிக்கனம். சிறு கசிவுக்கு மஞ்சள் தூள் போடுவதும், கடையில் விற்கும் கசிவடைப்பு மருந்து ஊற்றுவதும் கசிவை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. குறுகிப்போன குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கின்றன.

கேஸ்கட் சந்தேகம்

மேலே சொன்ன எதிலும் குறை தென்படாமல் கூலண்ட் குறைந்துகொண்டே இருந்தால் மட்டுமே ஹெட் கேஸ்கட் பக்கம் திரும்ப வேண்டும். காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்தில் சில குமிழிகள் வருவது அடைபட்ட காற்றாக இருக்கலாம். நிற்காமல் சீராகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் வெதுவெதுப்பு ஆவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் இதே முடிவுதான். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்வது, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறுவது, ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல வெளுத்திருப்பது, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் கம்பிரஷன் சேர்ந்து குறைந்திருப்பது ஆகியவை வலுவான சாட்சிகள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணிறப் பசை இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் தங்குவதாலும் அது வரும். நீலத் திரவம் வைத்துச் செய்யும் வாயுச் சோதனை கிடைத்தால் அதைச் செய்துவிடுங்கள். ரேடியேட்டர் வாயில் சிலிண்டரில் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

கேஸ்கட் மாற்றுவதென்று முடிவானால் ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி மட்டம் பார்க்காமல் திரும்பப் பொருத்தவிடாதீர்கள். நேர்விளிம்பையும் நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜையும் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டத்திலும் அளக்க வேண்டும். சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு ஆகாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் வைத்துத்தான் முறுக்க வேண்டும். கை அளவுக்கு முறுக்கிய ஹெட் மறுபடி கழலும்.

மீண்டும் நிரப்புவது

பழைய தண்ணீரை வடித்ததும் சுத்தமான தண்ணீர் விட்டு, எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, வடியுங்கள். வருவது தெளியும் வரை திரும்பச் செய்யுங்கள். வடித்த கூலண்டைத் தெருவிலோ சாக்கடையிலோ விடக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் குடித்துவிடும், அது நஞ்சு. மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரி கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. வண்டியின் கையேடு சொல்லும் விகிதத்தைப் பின்பற்ற வேண்டும். பெரும்பாலும் அது 30 முதல் 50 சதவீதம் கூலண்டாக இருக்கும். நம் ஊரில் பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: துருவைத் தடுக்கும் மருந்தும், கொதிநிலையை உயர்த்தும் குணமும் அதில்தான் இருக்கின்றன. அதற்காகத் தண்ணீரே சேர்க்காமல் முழுக் கூலண்டை ஊற்றினாலும் தவறு. வெப்பத்தைச் சுமந்து செல்லும் திறன் தண்ணீருக்கே அதிகம். கேனில் இருப்பது கலந்து விற்பதா, கலக்க வேண்டியதா என்று படித்துப் பாருங்கள். நிறத்தை நம்பி இரண்டு வகைகளைச் சேர்க்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் கூழாகத் திரியும்.

நிரப்பும்போது காற்று அடைபடாமல் பார்த்துக்கொள்வதே வேலையின் பாதி. வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்று விடும் திருகு இருந்தால் தளர்த்தி, மெதுவாக ஊற்றுங்கள். திருகிலிருந்து குமிழியில்லாமல் தண்ணீர் வந்ததும் முடுக்கி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் விட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது மேலும் ஊற்றி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள். தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு வருமுன் மூடியைப் போட்டுவிட வேண்டும். ஆம்னி போல எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் இதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும், கசிவும் அவற்றில் எளிதில் கண்ணில் படாது.

முதலில் ஊருக்குள், பிறகு நெடுஞ்சாலையில், கடைசியாக ஏசி போட்டு ஒரு மலையேற்றம் என்று ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து, முதல் இரண்டு நாளில் அடைபட்ட காற்று வெளியேறிச் சிறிது இறங்கினால் அதை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு இரண்டு வாரம் மட்டம் அசையாமல் நின்றால் பழுது தீர்ந்தது. கூலண்ட் ஊற்றிய தேதியையும் வகையையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பழைய வகைக் கூலண்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.